தரூன்: பார்சிகளின் சடங்கு ரொட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் வேலை பார்த்த நாட்களில், எதிர் வீட்டு பார்சி அம்மா ஒருநாள் எவர்சில்வர் தட்டில் பழுப்பாக, நெய் மினுமினுக்க, அல்வாவும் புட்டும் கலந்த மாதிரி ஏதோ ஒன்றையும் அதன் மேல் மெல்லிய வட்ட ரொட்டி ஒன்றையும் வைத்துக் கொடுத்தார். வீட்டில் பூஜையா என்று கேட்டேன். "ஆமாம், இது நீ சாப்பிடலாம். இன்னொரு ரொட்டி உண்டு, அது உனக்குக் கிடையாது" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டார். அந்த இன்னொரு ரொட்டி என்னவென்று தேடப் போய்ச் சேர்த்தவைதான் இவை. நான் பார்சி இல்லை, அந்தச் சடங்கின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனும் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

தரூன் என்றால் என்ன? சப்பாத்திதானே?

பார்த்தால் குட்டிச் சப்பாத்தி என்றுதான் சொல்லத் தோன்றும். கோதுமை மாவு, தண்ணீர், நெய். புளிக்க வைப்பதில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டமாகத் தட்டிச் சுட்டு எடுப்பார்கள். பார்சிகள் இரானிலிருந்து இந்தியாவுக்கு வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். குஜராத்தி பேசும் அவர்கள் இதைத் தரூன் என்கிறார்கள், பஹ்லவி என்ற பழைய பாரசீக மொழியில் அது துரோன். அவர்கள் பின்பற்றும் ஜொராஸ்டிரிய மதத்தின் பெரிய சடங்குகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இந்த ரொட்டி வரும்.

இதில் இரண்டு வகை இருக்கிறது. மேலே குறி கீறியது தரூன். குறி இல்லாமல் வெறும் வட்டமாக விட்டது ஃப்ரஸஸ்த். மாவு ஒன்று, சூடு ஒன்று, கீறல்தான் வித்தியாசம். சடங்கின்போது தட்டில் இரண்டையும் தனித்தனியாக அவற்றுக்குரிய இடத்தில் அடுக்குவார்கள்.

அந்தக் குறி எதற்கு?

ஒன்பது கீறல், வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை. ஒவ்வொன்றும் வைக்கும்போது ஒரு சொல்: ஹுமத, ஹூக்த, ஹ்வர்ஷ்த. நல்லெண்ணம், நற்சொல், நற்செயல். மூன்றையும் மூன்று முறை சொன்னால் ஒன்பது, மாவில் ஒன்பது கீறல். பார்சிக் குழந்தைக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுக்கிற மூன்று சொல் இதுதான் என்பார்கள், நம் ஊரில் அறம் செய விரும்பு மாதிரி. அது கோயிலுக்குள் போவதற்கு முன்னாலேயே, சமையல் மேடையில், சுடுவதற்கு முன் ஈர மாவின் மேல் விழுந்துவிடுகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

பெயருக்குப் பொருள் உண்டா?

உண்டு. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம் எனக்குப் புரிய ஆரம்பித்தது. இவர்களுடைய மறைநூல்களின் பழைய மொழியான அவெஸ்தாவில் திரவோனஹ் என்றால் பங்கு. ரொட்டி என்ற பொருளே அதில் கிடையாது. ஒருவருக்குச் சேர வேண்டிய பாகம், அவ்வளவுதான்.

யஸ்னா என்பது இவர்களுடைய முக்கிய வழிபாட்டு நூல், 72 அதிகாரம். (இடுப்பில் கட்டும் குஸ்தி என்ற புனித நூலிலும் 72 இழை.) அதில் 11ஆம் அதிகாரம் சாபத்தில் தொடங்குகிறது. பசு, குதிரை, ஹவோமா என்ற மூலிகைத் தெய்வம், மூவரும் ஆளுக்கொரு சாபம் கொடுக்கிறார்கள். என்னைச் சமைத்துப் பகிர்ந்து கொடுக்காமல் உன் மனைவிக்கும் மகனுக்கும் உன் வயிற்றுக்குமே போட்டு நிரப்புகிறாயா, உனக்குப் பிள்ளை இல்லாமல் போக, பேர் கெட்டுப் போக என்கிறது பசு. ஹவோமாவோ, என் தகப்பனும் முழுமுதற் கடவுளுமான அஹுரா மஸ்தா எனக்கென்று ஒதுக்கிய பங்கு, அதாவது பலிவிலங்கின் இரு தாடைகளும் நாக்கும் இடது கண்ணும், அதை எவன் எடுத்துக்கொள்கிறானோ அவன் வீட்டில் பூசாரியும் பிறக்க மாட்டான், வீரனும் பிறக்க மாட்டான், உழவனும் பிறக்க மாட்டான் என்கிறான். அந்த இடத்தில் பங்கு என்பதற்கு வரும் சொல் இதே திரவோனஹ். இறைச்சிப் பங்குக்கு இருந்த பெயர் பின்னால் ரொட்டிக்கு வந்து சேர்ந்தது. ஆகவே இதை நைவேத்தியம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் பிடிபடும். யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்ற கணக்கும் இந்த ரொட்டிக்குள் இருக்கிறது.

யார் சுடலாம்? கடையில் வாங்கி வைத்தால் ஆகாதா?

ஆகாது. பூசாரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆணோ பெண்ணோ, சுத்தம் பார்த்து, மந்திரத்தோடு சுட வேண்டும். பார்சிகளில் பூசாரித்தனம் பரம்பரையாக வருவது. இந்தியாவில் பூசாரி ஆவது ஆண்கள்தான், ஆனால் இந்த ரொட்டியை அந்தக் குடும்பத்துப் பெண்கள் சுடலாம், பல தலைமுறையாகச் சுட்டும் வந்திருக்கிறார்கள்.

சடங்கில் என்னதான் நடக்கிறது?

தனியாகச் செய்யும்போது இந்தச் சடங்குக்கு பாஜ் என்று பெயர். தரூன், கொஞ்சம் நெய், பழம், தண்ணீர், எதிரே நெருப்பு. பூசாரி வெள்ளை உடையில், வாயையும் மூக்கையும் மூடி பதான் என்ற வெள்ளைத் துணி கட்டியிருப்பார், மூச்சும் எச்சிலும் புனிதப் பொருள் மேல் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு பாஜும் ஏதாவது ஒரு தெய்வ சக்தியின் பெயரில் நடக்கும், யார் பெயரில் என்று முதலிலேயே சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். ஓதுவது பெரும்பாலும் யஸ்னாவின் 3ஆம் அதிகாரத்திலிருந்து 8ஆம் அதிகாரம் வரை உள்ள பகுதி. ஸ்ரோஷ் துரோன் என்று அதற்குத் தனிப் பெயர்.

முழு யஸ்னா சடங்கு செய்தால் இரண்டு பூசாரிகள் வேண்டும், காலையில் தொடங்கி இரண்டு மூன்று மணி நேரம் போகும். அதில் 8ஆம் அதிகாரம் வரும்போது தலைமைப் பூசாரி தரூனைப் பிட்டு, நெய்யோடு சேர்த்து வாயில் போட்டுக்கொள்வார். இந்தச் சுவைத்தலுக்கு சாஷ்னி என்று பெயர். பாஜ் முடிந்த பிறகு வந்திருக்கிற மற்ற ஜொராஸ்டிரியர்களுக்கும் ஒரு துண்டு கிடைக்கும்.

பாஜ் என்ற சொல் எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது, ஏனென்றால் அதை நாலு இடத்தில் நாலு விதமாகச் சொல்கிறார்கள். மூலப் பொருள் சொல், பேச்சு. சாப்பிடும் முன் ஒரு மந்திரம் சொல்லி "பாஜ் எடுத்தால்" அதற்குப் பிறகு சாப்பிட்டு முடிக்கும் வரை பேசக் கூடாது. ஏதாவது அவசரம் என்றால் வாய் திறக்காமல் முனகலாம். இரானை வென்ற அரபியர் இந்த முனகலைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது அன்றாடச் சாப்பாட்டில் இதைக் கடைப்பிடிப்பவர் மிகக் குறைவு. நம் வீட்டிலும் தாத்தாக்கள் சாப்பிடும்போது பேச மாட்டார்களே, அது போல என்று வையுங்கள்.

ரொட்டியை நெருப்பில் போடுவார்களா?

மாட்டார்கள். நெருப்பு என்றதும் ஹோமம் நினைவுக்கு வந்து, எல்லாவற்றையும் அதில் போடுவார்கள் என்று நாமாக முடிவு செய்துவிடுகிறோம். கோயில் நெருப்புக்குச் சந்தனக் கட்டையும் சாம்பிராணியும், ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ரொட்டி மனிதர்கள் சாப்பிடுவதற்கு. பழைய காலத்தில் பலிவிலங்கின் கொழுப்பில் ஒரு பாகம் நெருப்புக்குப் போனது உண்மை. அது நெருப்பின் பங்கு.

நெய் ஏன்? சைவமாக இருக்க வேண்டும் என்பதாலா?

அப்படித் தோன்றினாலும் கதை வேறு. தரூனோடு வைக்கிற நெய்க்கு கோஷுதோ என்று பெயர், நன்மை செய்யும் பசு என்ற பொருளுள்ள பழைய அவெஸ்தாச் சொல்லின் தேய்ந்த வடிவம். முன்னே அந்த இடத்தில் இறைச்சி இருந்தது. இந்தியாவில் பலி மெல்ல நின்று போய், பசு தருகிற இன்னொரு பொருளான நெய் அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இரானில் அப்படி முழுதாக நிற்கவில்லை. 1963-64இல் யஸ்த் பக்கத்து ஷரீஃபாபாத் கிராமத்தில் போய்த் தங்கிய ஆங்கில ஆய்வாளர் மேரி பாய்ஸ், மிஹ்ரகான் திருவிழாவுக்கு அங்கே ஆடு பலி கொடுப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார். பார்சிகளைச் சைவம் என்று நினைத்து யாராவது தன்ஸாக், அதாவது பருப்பும் இறைச்சியும் சேர்த்துச் சமைக்கும் அவர்கள் குழம்பு, விருந்துக்குப் போனால் ஏமாந்துதான் வருவார்கள்.

சர்ச்சில் கொடுக்கும் அப்பம் இதிலிருந்துதான் வந்ததா?

இணையத்தில் இதை உறுதியாக அடித்துச் சொல்கிறவர்கள் நிறைய. அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் ஆதாரம் இது: 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் மார்டிர் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், மித்ரா என்ற, இரானியப் பெயர் கொண்ட தெய்வத்தை வழிபடுகிறவர்களும் ரொட்டியும் ஒரு கோப்பைத் தண்ணீரும் வைத்து எங்களைப் போலச் செய்கிறார்கள், பேய்கள் செய்த காப்பி அது என்று திட்டினார். அவர் சொன்னது ரோமாபுரி மித்ரா வழிபாடு. அதற்கும் இரானிய மதத்துக்கும் எவ்வளவு ஒட்டு என்பதிலேயே அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வட்டமாக, புளிக்காமல், குறி வைத்து இருப்பதால் இரண்டும் ஒன்று என்றால், நம் ஊர்ப் பிள்ளையார் கோயில் அப்பத்தையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டி வரும். தவிர, தரூன் யாருடைய உடலாகவும் மாறுவதில்லை, அப்படி ஒரு நம்பிக்கையே அங்கே கிடையாது.

இறந்தவர்களுக்கும் இந்த ரொட்டி உண்டா?

முக்கியமான இடமே அதுதான். ஆள் இறந்த பிறகு மூன்று நாள் உயிர் இந்த உலகத்தை விட்டுப் போவதில்லை என்பது நம்பிக்கை. அந்த மூன்று நாளும் அதற்குக் காவல் ஸ்ரோஷ் என்ற தெய்வம், ஆகவே அவர் பெயரில் தினமும் சடங்கு நடக்கும். வீட்டார் அந்த மூன்று நாளும் இறைச்சி தொட மாட்டார்கள். நான்காம் நாள் விடியலில் உயிர் சின்வத் பாலத்தைக் கடக்க வேண்டும், அங்கேதான் செய்த நல்லதும் கெட்டதும் நிறுக்கப்படும். அதற்கு முன், இருட்டு விலகுவதற்குள், நான்கு பாஜ் நடக்கும். ஒன்று ரஷ்னு, அஷ்தாத் என்ற இரு தெய்வங்களுக்கும் சேர்த்து. ரஷ்னு தராசு பிடிக்கிற தெய்வம். ஒன்று ராம் என்ற ஜொராஸ்டிரியத் தெய்வத்துக்கு (நம் ராமர் இல்லை), ஒன்று ஸ்ரோஷுக்கு, ஒன்று முன்னே போன எல்லா ஆன்மாக்களுக்கும் பொதுவாக. அந்தக் கடைசி பாஜில் ரொட்டித் தட்டின் பக்கத்தில் புதிய வெள்ளைத் துணிமணி ஒரு செட் வைப்பார்கள். சியாவ் என்று பெயர். போகிறவருக்கு மாற்றுத் துணி.

அப்புறம் வருடா வருடம் திதி உண்டு, அதற்கும் பாஜ் என்றே சொல்கிறார்கள். போதாததற்கு, பார்சி வருடத்தின் கடைசிப் பத்து நாள் முக்தாத், இந்தியாவில் பெரும்பாலோர் பின்பற்றும் பஞ்சாங்கப்படி இப்போது ஆகஸ்டில் வருகிறது. ஃபிரவஷிகள், அதாவது முன்னோரின் ஆவிகள், வீட்டுக்கு வரும் நாட்கள். பூச்சாடி வைத்து, தினமும் புதுப் பூ, புதுத் தண்ணீர். சமைத்த சாப்பாட்டையே முன்னால் வைத்து ஓதும் ஸதூம் என்ற பிரார்த்தனையும் உண்டு. இறந்தவருக்கு எது பிடிக்குமோ அதைச் சமைக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. மகாளய பட்சமும் கல்லறைத் திருநாளும் தெரிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இரானில் இருப்பவர்களும் இதேபோலத்தான் செய்கிறார்களா?

வேர் ஒன்று, கிளை வேறு. இரண்டு ஊருக்கும் ரொம்ப நாள் பேச்சுவார்த்தை அறுந்து போயிருந்தது. 1478இல் குஜராத் பார்சிகள் நரிமான் ஹோஷங் என்பவரை இரானுக்கு அனுப்பி, எங்களுக்கு இந்தச் சடங்கில் சந்தேகம், அந்தச் சடங்கில் சந்தேகம் என்று கேள்விகளை எழுதிக் கேட்டார்கள். அங்கிருந்த பூசாரிகள் பதில் எழுதி அனுப்பினார்கள். 1773 வரை இப்படிக் கடிதங்கள் போய் வந்தன, ரிவாயத் என்று தொகுத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் இப்போது படிக்கிற பக்கத்துக்கெல்லாம் பெரியண்ணன் அது. சடங்குக்கான கேள்வி-பதில் மூன்று நூற்றாண்டுக்கு ஓடியிருக்கிறது, அதுவும் பதில் வரப் பல மாதம் காத்திருந்து!

இரானில் சாதாரண ஜனங்கள் மத்தியில் பெயர் வாங்கிய ரொட்டி சிரோக். இது தரூன் மாதிரி பூசாரி வீட்டுச் சொத்து இல்லை, பெண்கள் வீட்டிலேயே செய்வது. மாவைப் புளிக்க வைத்து, வட்டமாக்கி, காய்ந்த எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும். நம் பூரிக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று சொல்லலாம். பழைய வழக்கப்படி எண்ணெய் எள் எண்ணெய்தான், அதாவது நம்முடைய நல்லெண்ணெய். இதில் விசேஷம் ரொட்டி இல்லை, வாசனை. எண்ணெயில் மாவு விழுந்து பொரியும்போது எழும்புகிற அந்த மணம்தான் இறந்தவர்களுக்குப் போய்ச் சேருகிறது, அதுதான் அவர்கள் பங்கு. உடல் இல்லாதவர்கள் மெல்ல முடியாதே, முகரத்தானே முடியும். மீதி ரொட்டி வந்தவர்களுக்கு.

காஹம்பார் என்று வருடத்தில் ஆறு பருவ விழா, ஒவ்வொன்றும் ஐந்து நாள். அதில் ஒன்றின் பெயரே தானியம் வீடு வந்து சேரும் காலம் என்ற பொருளில் இருக்கிறது. யஸ்த் பக்கத்துக் கிராமங்களில் இதற்கென்று நிலம் எழுதி வைத்திருக்கிறார்கள், அந்த வருமானத்தில் ரொட்டியும் லோர்க் என்ற உலர்பழக் கலவையும் ஊருக்கே கொடுப்பார்கள். பணக்காரர் ஏழை என்று தனிப் பந்தி கிடையாது.

அந்தத் தட்டில் வந்தது என்ன? அதைச் சொல்லவே இல்லையே?

மலீதோ, கூட இருந்த ரொட்டி பாப்டி. ஜஷன் என்ற பிரார்த்தனையில் பழம், பூ, பால், சர்பத் இவற்றோடு வைப்பது. ஜஷனை வீடு, அலுவலகம், புதுக் கடை என்று சுத்தமான எந்த இடத்திலும் நடத்தலாம், தரூன் வைக்கும் பெரிய சடங்குகளுக்கு இருக்கிற கெடுபிடி இதற்கு இல்லை. அதனால் என்னைப் போன்ற அந்நியனுக்கும் தட்டு வந்தது, எல்லா வீட்டிலும் வரும் என்று நினைக்க வேண்டாம், சில குடும்பங்கள் ஓதிய எதையும் வெளியாருக்குக் கொடுப்பதில்லை.

செய்முறையை அந்த அம்மாவிடமே பின்னால் கேட்டேன். கோதுமை மாவும் ரவையும் நெய்விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, கைப்பிடிக்குள் அழுத்தி, விரல் பதிந்த கொழுக்கட்டை போல ஆக்கி, நெய்யில் சிவக்கப் பொரிக்க வேண்டும். ஆறியதும் இடித்துத் தூளாக்கி, சர்க்கரைப் பாகில் கொட்டிக் கிளற வேண்டும். ஜாதிக்காய், ஏலக்காய், சாரைப்பருப்பு, பாதாம். "கை வலிக்கிற வரைக்கும் கிளறு, வலித்த பிறகும் கொஞ்சம் கிளறு" என்றார். நான் ஒருமுறை செய்து பார்த்ததில் நெய்யைக் குறைத்துவிட்டேன், அது தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

பெயரைக் கவனித்தீர்களா? பாரசீகத்தில் மாலீதன் என்றால் தேய்ப்பது, பிசைவது. அதே சொல் கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்களிடம் அவல், தேங்காய், பழம் கலந்த மலீதாவாக இருக்கிறது, எலியா தீர்க்கதரிசியின் பெயரில் படைப்பது. நம் பக்கத்துத் தர்காக்களிலும் மலீதா ஓதிக் கொடுப்பார்கள். மூன்று மதம், மூன்று பண்டம், ஒரே பாரசீகச் சொல்.

நாய்க்கும் பங்கு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பார்சி வீடுகளில் சாப்பிடுவதற்கு முன் தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து நாய்க்கு ஒதுக்குவது பழைய வழக்கம், குஜராத்தியில் குத்ரா நோ பூக், நாயின் கவளம். ஷரீஃபாபாத்தில் மேரி பாய்ஸும் இதைப் பார்த்திருக்கிறார். இறந்தவருக்காகக் கொடுக்கிற உணவில் நாய்க்குக் கொடுப்பதும் சேரும், அது தின்றால் அவருக்குப் போய்ச் சேருகிறது. நமக்குக் காக்கை, அவர்களுக்கு நாய். ஜொராஸ்டிரிய மரபில் நாய் கேவலமான பிராணி இல்லை, இறந்த உடலை நாயின் பார்வையில் காட்டும் ஸக்தீத் என்ற சடங்கே இருக்கிறது.

இதெல்லாம் இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது, ஆனால் குறைந்துகொண்டு வருகிறது. 2001 கணக்கெடுப்பில் இந்தியாவில் பார்சிகள் 69,601 பேர், 2011இல் 57,264. பத்து வருடத்தில் பன்னிரண்டாயிரம் பேர் குறைவு. பூசாரி வீட்டுப் பையன்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வருமானம் அப்படி. முழு யஸ்னாவை மனப்பாடமாக ஓதத் தெரிந்தவர் இல்லாத இடத்தில் அந்தச் சடங்கும் இல்லை, அதற்கான ரொட்டியும் சுடப்படுவதில்லை. மும்பையில் 4, சூரத்தில் 2, நவ்ஸாரியிலும் உத்வாடாவிலும் ஒவ்வொன்று என்று இந்தியாவில் எட்டு ஆதஷ் பெஹ்ராம் கோயில்கள், அதாவது முதல்தர நெருப்பு உள்ளவை. உத்வாடாவில் நெருப்பு 1742இலிருந்து அணையாமல் எரிகிறது.

தமிழ்நாட்டில் எங்காவது பார்க்க முடியுமா?

சென்னை ராயபுரத்தில் ஒரு அக்னி கோயில் உண்டு, தமிழ்நாட்டிலேயே அது ஒன்றுதான். பதின்மூன்று வயதில் இறந்துபோன ஜால் என்ற தன் மகன் நினைவாக ஃபிரோஜ் கிளப்வாலா கட்டிக் கொடுத்தது, 1910இல் திறந்தார்கள். ஜால் ஃபிரோஜ் கிளப்வாலா தரே மெஹர் என்பது முழுப் பெயர். பார்சி அல்லாதவர் உள்ளே போக முடியாது, கேட்டுத் தொந்தரவு செய்யவும் வேண்டாம். ரொட்டிதான் வேண்டும் என்றால் பார்சி நண்பர் யாராவது இருக்கிறாரா பாருங்கள், அவர் வீட்டு ஜஷன் அன்று பக்கத்தில் எங்கேயாவது இருங்கள். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் தட்டாகக் கொடுக்காதீர்கள், நான் நாலு கைமுறுக்கு வைத்துக் கொடுத்தேன்.